கூடு விட்டுக் கூடு பாயும் கணினி



விக்கிரமாதித்தன் கதையைப் பாட்டி வாயால் கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கூடு விட்டுக் கூடு பாய்வது என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அரசன் தன் உடலை ஓரிடத்தில் கிடத்திவிட்டு ஒரு கிளியின் உடலுக்குள் புகுந்துகொள்வான். பேச்சு அரசனுடையது, உடல் கிளியுடையது. கதை கேட்கும் பிள்ளைகளுக்கு ஒரு சந்தேகம் எழுவதுண்டு: அரசனுக்குப் பறக்க யார் கற்றுக் கொடுத்தார்கள்? இறக்கையை அசைக்கத் தெரியாதவன் கிளிக்குள் புகுந்து என்ன பயன்?

கணினி உலகில் இதே வித்தை நாற்பது ஆண்டுகளாக நடந்துவருகிறது. அதே சந்தேகமும் அங்கே உண்டு. உங்கள் மகனோ மகளோ ஒரு நாள் வந்து, "அப்பா, கல்யாண வீடியோ வெட்டி ஒட்டும் வேலைக்கு ஆப்பிள் கணினி வேண்டும். புதிது வாங்க நம்மிடம் பணம் இல்லை. பட்டணத்துக் கடைக்காரர் சாதாரணக் கணினியிலேயே ஆப்பிளில் இருக்கிற மேக் ஓஎஸ்ஸைப் போட்டுத் தருகிறாராம். பாதி விலைதானாம்" என்று கேட்கக்கூடும். என்ன பதில் சொல்வீர்கள்? இது நடக்கிற காரியமா? நடந்தாலும் முறையா? நம் காசுக்கு மோசம் வராதா? இன்று அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் இந்த 'மேக் ஓஎஸ்' என்பது என்ன? கணினியை ஒரு தோட்டமாக எண்ணிக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் சில்லு, நினைவகம், திரை, விசைப்பலகை, ஒலிபெருக்கி எல்லாம் அங்கே வேலை செய்யும் ஆட்கள். விடியற்காலைப் பெரட்டில் நின்று, "நீ அந்த நிரைக்குப் போ, நீ இந்த நிரைக்குப் போ" என்று ஆள் பிரித்து விடுகிற மண்டோர் இல்லாவிட்டால் அத்தனை பேரும் கைகட்டி நிற்க வேண்டியதுதான். கணினிக்குள் இருக்கும் அந்த மண்டோருக்குத்தான் இயங்குதளம் என்று பெயர். பெரும்பாலான கடைகளில் நாம் பார்க்கும் விண்டோஸ் ஒரு மண்டோர். மேக் ஓஎஸ் இன்னொருவர். லினக்ஸ் என்று ஒருவர் இருக்கிறார். கூலி வாங்காமல் வேலை செய்பவர். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் மண்டோரை எந்தத் தோட்டத்துக்கும் வாடகைக்கு விடும். ஆப்பிள் அப்படியல்ல. தோட்டமும் அவர்களுடையது, மண்டோரும் அவர்களுடையவர். வேறு தோட்டத்தில் அவர் கால் வைக்கக்கூடாது. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் இத்தனை வழக்கும் வம்பும் கிளம்பின.

ஒரு மண்டோர் புதிய தோட்டத்துக்குப் போனால் என்ன தொல்லை வரும்? ஆட்கள் பேசுகிற பாஷை தெரிய வேண்டும். பாஷை தெரிந்தாலும், யார் யார், எவருக்கு என்ன வேலை வரும் என்பது தெரிய வேண்டும். கணினிச் சில்லுகளுக்கும் பாஷை உண்டு. மோட்டோரோலா சில்லுக்கு எழுதிய ஆணை இண்டெல் சில்லுக்குப் புரியாது. சில்லு ஒத்துப்போனாலும் ஒலி, திரை, கம்பியில்லா இணைப்பு ஆகிய ஒவ்வொன்றையும் அறிமுகப்படுத்திவைக்கத் தனித்தனியே சிறு நிரல்கள் வேண்டும். நிரல் என்பது கணினிக்கு இடும் ஆணைகளின் தொகுப்பு. கூடு பாய்கிறவன் இறக்கையடிக்கக் கற்பது என்பது இதுதான்.

கதை தொடங்குவது 1982-இல். அதற்கு ஐந்தாண்டு முன்னர் வெளிவந்த ஆப்பிள் 2 என்ற கணினி உலகெங்கும் பேர் வாங்கியிருந்தது. 1981-இல் ஆப்பிள் நமக்குப் பக்கத்திலே, சிங்கப்பூரின் அங் மோ கியோவில், தொழிற்சாலையே திறந்துவிட்டது. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் இருந்த பிராங்க்ளின் என்ற நிறுவனம் ஆப்பிள் 2-க்காக எழுதப்பட்ட நிரல்கள் எல்லாம் ஓடக்கூடிய 'ஏஸ்' என்ற கணினியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஓடாமல் என்ன செய்யும்? ஆப்பிளின் இயங்குதள நிரல்கள் பதினான்கை அப்படியே பெயர்த்து வைத்திருந்தார்கள்! பெயர்த்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. ஆப்பிளின் நிரலாளர் ஒருவர் தன் பெயரை அந்த நிரலுக்குள் எழுதி வைத்திருந்தார். அந்தப் பெயரும் பிராங்க்ளின் கணினிக்குள் அப்படியே கிடந்தது. மாட்டைத் திருடியவன் மாட்டின் மேல் இருந்த சூட்டுக்குறியைப் பார்க்க மறந்த கதைதான்.

வழக்கு மன்றத்தில் பிராங்க்ளின் நகலெடுத்ததை மறுக்கவில்லை. அவர்கள் வாதம் வேறு. 'நூலுக்குக் காப்புரிமை உண்டு, ஏனென்றால் மனிதன் படிக்கிறான். இயந்திரம் மட்டுமே படிக்கக்கூடிய, சில்லில் பொறிக்கப்பட்ட ஆணைகளுக்கு ஏது காப்புரிமை?' என்று கேட்டார்கள். இன்று நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். அன்று கீழ் நீதிமன்றமே ஐயப்பட்டு, ஆப்பிள் கேட்ட தடையாணையைத் தர மறுத்தது. 1983 ஆகஸ்ட் 30 அன்று மேல் முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. இயங்குதளத்துக்கும் காப்புரிமை உண்டு, அது சில்லுக்குள் இருந்தாலும் உண்டு என்று தீர்ப்பாயிற்று. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் பிராங்க்ளின் இருபத்தைந்து இலட்சம் அமெரிக்க வெள்ளி கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. பிற்காலத்தில் அந்த நிறுவனம் கையடக்க மின் அகராதிகள் செய்து பிழைத்துக்கொண்டது என்பது தனிக்கதை. அதே காலத்தில் கலிபோர்னியாவில் இன்னொரு கடை, 'பைனாப்பிள்' என்ற பெயரில் ஆப்பிள் 2-இன் நகலை விற்று, அதுவும் ஆப்பிளிடம் தோற்றது. ஆப்பிளுக்குப் போட்டி அன்னாசி! பெயர் வைத்தவரின் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும்.

நேர் வழியில் நகல் செய்தவர்களும் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. 1981-இல் ஐபிஎம் தன் கணினியை வெளியிட்டபோது அதற்கு இயங்குதளம் கொடுத்த மைக்ரோசாப்ட், அதைப் பிறருக்கும் விற்கும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஐபிஎம் கணினியில் பிறர் தொடக்கூடாத பகுதி, தொடக்க நிரல் பொறித்த ஒரு சில்லு மட்டும்தான். காம்பாக் என்ற நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? ஒரு குழு அந்தச் சில்லு என்னென்ன செய்கிறது என்று ஆராய்ந்து குறிப்பு எழுதியது. ஐபிஎம்மின் நிரலைக் கண்ணாலும் பார்த்திராத இன்னொரு குழு, அந்தக் குறிப்பை மட்டும் வைத்துப் புதிதாக ஒரு நிரல் எழுதியது. ருசி பார்த்துவிட்டுச் சொன்னவர் ஒருவர், அடுப்பில் நின்று சமைத்தவர் வேறொருவர். இதில் திருட்டு எங்கே இருக்கிறது? இன்று பட்டணத்துக் கடையில் பல கம்பெனிகளின் பாகங்களை வாங்கிக் கோத்து ஒரு கணினி செய்ய முடிகிறது என்றால் அது அந்த வழி திறந்ததால்தான்.

ஆப்பிள் 1984 சனவரியில் மேக்கிண்டாஷைக் கொண்டுவந்தது. 'மேக்' என்பது அதன் செல்லப் பெயர். அதற்குள்ளே இருந்தது மோட்டோரோலா 68000 சில்லு. அடுத்த ஆண்டே விலை குறைந்த அட்டாரி எஸ்டி என்ற கணினி அதே சில்லோடு வந்தது. பாஷை ஒன்றாகிவிட்டது, பாய்வதற்குத் தடை என்ன? டேவிட் ஸ்மால் என்ற அமெரிக்க நிரலாளர் ஒரு சிறு பெட்டி செய்தார். அட்டாரியில் அதைச் செருகினால் மேக்கின் நிரல்கள் ஓடும். ஆனால் பெட்டிக்குள் இரண்டு சில்லுகளுக்கு இடம் காலியாக இருக்கும். ஆப்பிளின் அசல் தொடக்கச் சில்லுகளை வாங்குகிறவரே தேடிப் பெற்றுப் பொருத்திக்கொள்ள வேண்டும். நகலெடுக்கவில்லை, அசலையே இடம் மாற்றி வைத்தார். பிராங்க்ளின் விழுந்த குழியைச் சுற்றிக்கொண்டு போன இந்தச் சாமர்த்தியம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆப்பிளுக்கே ஒருமுறை ஆசை வந்ததுண்டு. 1992-இல் நோவெல் நிறுவனத்துடன் சேர்ந்து மேக்கின் இயங்குதளத்தை இண்டெல் சில்லில் ஓட வைத்துப் பார்த்தார்கள். ஓடியது. மறு ஆண்டே திட்டத்தைக் கைவிட்டார்கள். 1995-இல் பிற நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்து, மேக் நகல்களைச் செய்யவும் அனுமதித்தார்கள். நகல் கணினிக்கு ஆங்கிலத்தில் 'குளோன்' என்று பெயர். ரப்பர் தோட்டக்காரர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. நாம் ஒட்டுமரம் என்று சொல்லும் ஆர்.ஆர்.ஐ.எம். 600-உம் ஒரு குளோன்தான். நல்ல தாய்மரத்தின் மொட்டை வேறு வேரில் ஒட்டிப் பால் கறக்கிற வித்தை! ஆனால் ஆப்பிளின் ஒட்டுமரங்கள் புதிய நிலத்தில் வளரவில்லை, தாய்மரத்தின் உரத்தையே உறிஞ்சின. பவர் கம்ப்யூட்டிங் போன்ற நிறுவனங்கள் ஆப்பிளின் வாடிக்கையாளரையே குறைந்த விலையால் இழுத்துக்கொண்டன. 1997-இல் திரும்பி வந்த ஸ்டீவ் ஜாப்ஸ் கதவைச் சாத்தினார். உரிமம் ஏழாம் பதிப்புக்குத்தான் என்றிருந்ததால், அடுத்து வந்த பதிப்புக்கு 'மேக் ஓஎஸ் 8' என்று பெயர் வைத்தார்கள். பழைய உரிமம் எட்டுக்குச் செல்லாது! பவர் கம்ப்யூட்டிங்கின் மேக் வியாபாரத்தைப் பத்துக் கோடி அமெரிக்க வெள்ளி பெறுமான பங்குகள் கொடுத்து ஆப்பிளே வாங்கிக்கொண்டது.

இனி வருவதுதான் கடைக்காரர் உங்களுக்கு விற்க நினைக்கும் சரக்கு.

2005 ஜூனில் ஸ்டீவ் ஜாப்ஸ், மேக் கணினிகள் இனி இண்டெல் சில்லுக்கு மாறும் என்று அறிவித்தார். 2006 சனவரியில் முதல் இண்டெல் மேக் விற்பனைக்கு வந்தது. இண்டெல் என்றதும் வடக்கே இருக்கிற குடும்பங்கள் பலவற்றுக்குப் பாயான் லெப்பாஸ் நினைவுக்கு வரும். 1972-இல் இண்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைத் திறந்தது பினாங்கில்தான். நமக்கு அந்தப் பெயர் தூரத்துப் பெயரல்ல.

பாஷைத் தடை போயிற்று. மேக்கின் உள்ளே இருப்பதும், மூலைக்கடைக் கணினியின் உள்ளே இருப்பதும் ஏறக்குறைய ஒரே வகைப் பாகங்கள். அப்படியானால் ஆப்பிள் தன் மண்டோரை எப்படிக் கட்டிப்போட்டது? மேக் கணினிக்குள் மின்விசிறி, வெப்பம், மின்கலம் இவற்றைக் கவனிக்கும் ஒரு சிறு சில்லு உண்டு. அந்தச் சில்லுக்குள் ஒரு சாவியை ஒளித்து வைத்தார்கள். இயங்குதளத்தின் முக்கியமான பகுதிகள் சில பூட்டப்பட்டிருக்கும். கணினி கிளம்பும்போது அந்தச் சாவியைக் கேட்கும். சாவி இல்லையென்றால் இது அந்நிய உடல் என்று தெரிந்துகொண்டு நின்றுவிடும். பூட்டைத் திறக்கும் நிரலுக்கு அவர்கள் வைத்த பெயரே 'மேக் ஓஎஸ் எக்ஸைத் திருடாதே' என்பதாகும். சாவியாக இருந்ததும் வெறும் எண்கள் அல்ல. எங்கள் உழைப்பை இந்தச் சொற்கள் காக்கின்றன, தயவுசெய்து திருடாதீர்கள் என்னும் பொருளில் ஓர் ஆங்கில வாக்கியம். வாழைத்தோட்டத்து வேலியில் மிரட்டல் பலகை மாட்டாமல் வேண்டுகோள் எழுதி வைத்தது போல!

வேலி நிற்கவில்லை. மென்பொருள் எழுதுவோர் பழகிப் பார்க்க ஆப்பிள் 2005-இல் கொடுத்த முன்னோட்டப் பதிப்பே வெளியில் கசிந்து, சில வாரங்களில் சாதாரணக் கணினிகளில் ஓடியது. அந்தச் சிறு சில்லைப் போல நடிக்கும் நிரல் ஒன்றை எழுதினார்கள். சாவியைக் கேட்டால் அது எடுத்து நீட்டும். மேக்கைப் போலவே கணினியைக் கிளப்பிவிடும் தொடக்க நிரல்களும் வந்தன. கமேலியன், குளோவர், பின்னர் ஓப்பன்கோர் என்று ஒன்றைவிட ஒன்று கெட்டிக்காரத்தனமானவை. இப்படிச் செய்த கணினிக்கு 'ஹேக்கிண்டாஷ்' என்று பட்டப்பெயர் வந்தது. உலகெங்கும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இரவு விழித்துச் செய்த வேலை இது. பலர் காசுக்காகச் செய்யவில்லை. ஒரு பூட்டைப் பார்த்தால் திறந்து பார்க்கத் துடிக்கும் மனம் சிலருக்கு உண்டல்லவா?

ஆகவே நடக்கிற காரியமா என்றால், நடக்கிற காரியம்தான். ஆனால் கிளிக்குள் புகுந்த அரசன் பட்ட பாட்டையும் கேளுங்கள். படம் வரும், ஒலி வராது. ஒலி வந்தால் கம்பியில்லா இணைப்பு வராது. மூடி வைத்த மடிக்கணினி தூங்கி எழாது. எல்லாவற்றையும் சரிசெய்து முடித்த பிறகு ஆப்பிள் ஒரு புதுப்பிப்பு அனுப்பும். அதைப் போட்டதும் மறுபடி முதலிலிருந்து. 2018-இல் மொஹாவே என்ற பதிப்பு வந்தபோது, என்விடியா நிறுவனத்தின் புதிய திரை அட்டைகளுக்கு அதில் ஆதரவு இல்லாமல் போயிற்று. விலை உயர்ந்த அட்டை வாங்கிப் போட்டவர்கள் பழைய பதிப்பிலேயே நின்றுவிட வேண்டியதாயிற்று. வாடிக்கையாளர் திருமணத்துக்கு முன் தினம் வீடியோ முன்னோட்டம் கேட்டு நிற்கும்போது உங்கள் பிள்ளையின் கணினி இப்படிப் படுத்துக்கொண்டால் யாரிடம் போய் முறையிடுவது? ஆப்பிள் கடைக்கா?

முறையா என்ற கேள்விக்கு வருவோம். 2008 ஏப்ரலில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் சைஸ்டார் என்ற சிறு நிறுவனம் மேக் ஓஎஸ் ஓடும் சாதாரணக் கணினியை 399 அமெரிக்க வெள்ளி என்று விளம்பரம் செய்தது. ஆப்பிளின் விலைக்கு முன்னால் அது கொசுறு. மேக் ஓஎஸ் எக்ஸின் அன்றைய பதிப்புக்கு ஆப்பிள் கேட்ட விலை 129 வெள்ளி. வாடிக்கையாளர் விரும்பினால் சைஸ்டார் அதையும் ஏற்றிக் கொடுத்தது. நாங்கள் திருடவில்லையே, ஒவ்வொரு கணினிக்கும் ஒரு வட்டு காசு கொடுத்து வாங்குகிறோமே, வாங்கிய பொருளை எதில் போட்டால் ஆப்பிளுக்கு என்ன என்பது அவர்களின் வாதம்.

கேட்பதற்கு நியாயமாகத்தானே இருக்கிறது? அரிவாள் வாங்கினால் எந்தக் காட்டில் வெட்டுவது என்று கொல்லன் சொல்ல முடியுமா?

நீதிமன்றம் உள்ளே புகுந்து பார்த்தது. சைஸ்டார் ஒரு மேக்கில் இயங்குதளத்தை நிறுவி, அதை மாற்றி, ஒரு மூலப் பிரதி செய்து, அந்தப் பிரதியிலிருந்துதான் எல்லாக் கணினிகளிலும் படியெடுத்துப் போட்டிருந்தது. வாங்கிய வட்டு பெட்டிக்குள் உறை பிரிக்காமல் ஒப்புக்குக் கிடந்தது. 2009 நவம்பரில் நீதிபதி வில்லியம் அல்சப், படியெடுத்ததும் குற்றம், மாற்றியதும் குற்றம், பூட்டை உடைத்ததும் குற்றம் என்று தீர்ப்பளித்தார். அடுத்த மாதமே சைஸ்டாரின் விற்பனைக்கு நிரந்தரத் தடை. 2011 செப்டம்பரில் மேல் நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அங்கே சொல்லப்பட்ட ஒரு கருத்தை நாம் கவனமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். வட்டு உங்களுடையது, வட்டுக்குள் இருக்கும் மென்பொருள் உங்களுக்கு விற்கப்படவில்லை, பயன்படுத்த அனுமதி மட்டுமே தரப்பட்டிருக்கிறது. ஆப்பிள் கணினியில் மட்டும் என்பது அந்த அனுமதியின் நிபந்தனை.

இதை நமக்கு யாரும் பாடம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. லயத்து வீட்டில் மூன்று தலைமுறை வாழ்ந்தோம். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம், வாசலில் முருங்கை வைத்தோம், பின்னால் ஆடு கட்டினோம். சாவி நம் இடுப்பில் இருந்தது. வீடு மட்டும் நம்முடையதாக இல்லை. வேலை இருக்கும்வரை வீடு. தோட்டம் கைமாறியபோது எத்தனை குடும்பங்கள் சட்டி பானையோடு சாலையில் நின்றன! அரிவாள் வாங்குவதும் அனுமதி வாங்குவதும் வேறு வேறு என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்? கணினியில் 'ஏற்றுக்கொள்கிறேன்' என்ற பொத்தானை நாம் படிக்காமலே அழுத்துகிறோமே, அங்கே எழுதியிருப்பது லயத்து வீட்டு ஒப்பந்தம்தான்.

அந்த ஒப்பந்தம் எனக்குப் பிடிக்கவில்லை. காசு கொடுத்தவனுக்கு இன்னும் கொஞ்சம் உரிமை இருக்க வேண்டும் என்றே எண்ணுகிறேன். ஆனாலும் சைஸ்டாருக்காக என்னால் பரிந்து பேச முடியவில்லை. ஆண்டுக்கணக்கில் பலர் உட்கார்ந்து எழுதியதை எடுத்து வைத்துக் கடை விரித்தவர்கள் அவர்கள். அந்த எழுதியவர்கள் எல்லாரும் முகம் தெரியாத வெள்ளைக்காரர்கள் என்றும் எண்ணிவிட வேண்டாம். மேக் ஓஎஸ்ஸுக்குள் 'இணைமதி' என்று ஒரு தமிழ் எழுத்துரு இருக்கிறது, 'அஞ்சல்' என்று தமிழ் தட்டச்சு முறை இருக்கிறது. இரண்டும் நம் மலேசியர் முத்து நெடுமாறன் செய்தவை. படியெடுத்து விற்கிறவன் அவர் உழைப்பையும் சேர்த்துத்தான் விற்கிறான்.

வீட்டில் தன் சொந்தக் கணினியில் சோதித்துப் பார்க்கிற பிள்ளையை நான் அந்தக் கடைக்காரரோடு ஒரே தட்டில் வைக்கமாட்டேன். ஒப்பந்தப்படி அதுவும் அனுமதியில்லாத காரியம்தான், அதை மறைக்கக்கூடாது. ஆனால் அந்தச் சோதனையில் அவன் கற்பது பள்ளிக்கூடத்தில் கிடைக்காது. நீங்கள் காசு எடுத்துக் கொடுக்கப் போவது அந்தக் கல்விக்கா, இல்லை கடைக்காரருக்கா என்பதைப் பார்க்க வேண்டும்.

காசு விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த வித்தைக்கு நாள் குறித்தாகிவிட்டது. 2020 ஜூனில் ஆப்பிள் இண்டெலை விட்டுத் தன் சொந்தச் சில்லுக்கு மாறுவதாக அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் எம்1 என்ற சில்லோடு மேக்குகள் வந்தன. அந்தச் சில்லு கடைத்தெருவில் தனியாகக் கிடைக்காது. அதன் பாஷையும் வேறு. 2025 ஜூனில், அந்த ஆண்டு வரும் டாஹோ என்ற இருபத்தாறாம் பதிப்பே இண்டெல் மேக்குகளுக்குக் கடைசி என்று ஆப்பிள் சொல்லிவிட்டது. அதற்குப் பின் வரும் பதிப்புகள் இண்டெல் பாஷை பேசமாட்டா. மண்டோருக்கு ஆட்களின் பாஷையே மறந்துபோகும் என்று வையுங்கள்! இன்று பாதி விலைக்கு வாங்கும் ஹேக்கிண்டாஷ், மேலே ஏற வழியில்லாத ஏணி.

பிள்ளைக்கு வேண்டியது வீடியோ வேலைதானே? டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பு விண்டோஸிலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும். கல்யாண வீடியோவுக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் கணினிக்கு நல்ல திரை அட்டையும் போதிய நினைவகமும் வேண்டும். கடைக்காரருக்குக் கொடுக்க நினைத்த கூடுதல் பணத்தை அந்த இரண்டிலும் போடுங்கள். படிப்புக்கும் கடிதம் எழுதவும் மட்டும்தான் கணினி என்றால் புதிது எதற்கு? விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்தியதால், பதினொன்றாம் பதிப்புக்கு மாற முடியாத பழைய கணினிகள் பல வீடுகளில் சும்மா கிடக்கின்றன. அவற்றில் லினக்ஸைப் போடலாம். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்தது அது. எந்தக் கூட்டில் பாய்ந்தாலும் தடுப்பாரில்லை. படியெடுத்து அண்டை வீட்டுக்கும் கொடுக்கலாம். தமிழிலும் தட்டச்சுச் செய்யலாம்.

மேக்தான் வேண்டும் என்று பிள்ளை பிடிவாதம் பிடித்தால், எம்1 சில்லு உள்ள பழைய மேக் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். திரையின் மேல் இடப்பக்கம் ஆப்பிள் சின்னத்தை அழுத்தி 'இந்த மேக் பற்றி' என்னும் பகுதியைத் திறக்கச் சொல்லுங்கள். சில்லு என்ற இடத்தில் 'ஆப்பிள் எம்1' என்று இருக்க வேண்டும். இண்டெல் என்று இருந்தால் விலையைக் கேட்காமலே எழுந்துவிடலாம். அங்கேயே வரிசை எண்ணும் தெரியும். ஹேக்கிண்டாஷில் அந்த எண்ணைப் புனைந்து போடுவார்கள். ஆகவே திரையைப் பார்த்ததோடு நிற்காதீர்கள். மடிக்கணினியைக் கவிழ்த்து, அடிப்பக்கம் பொடி எழுத்தில் பொறித்திருக்கும் எண்ணோடு ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப் பாருங்கள். கண் தெரியாவிட்டால் கைப்பேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். முந்திய சொந்தக்காரர் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டாரா என்பதையும் உங்கள் முன்னிலையிலேயே காட்டச் சொல்லுங்கள். வெளியேறாவிட்டால் அந்தக் கணினி பூட்டிய வீடு, சாவி அவரிடம்.

லினக்ஸைப் பழைய கணினியில் போடுவது எப்படி என்பதைப் படிப்படியாக அடுத்த இதழில் பார்ப்போம். ஒரு விரல் நினைவகம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எட்டு ஜிகாபைட் இருந்தால் போதும்.